சுகம் விசாரிப்பது யார் கடமை?

ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகள் ஐந்து என்று சிறுவயதிலேயே குர்ஆன் மத்ரஸாவில் படித்திருக்கிறோம். ஸலாத்துக்குப் பதில் சொல்வது, நோயாளியைச் சுகம் விசாரிப்பது, ஜனாஸாவைப் பின்தொடர்வது, அழைப்பை ஏற்பது, தும்மியவருக்காகத் துஆச் செய்வது என்பன அவை. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் இந்த ஹதீஸ் பதிவாகியுள்ளது. இவற்றுள் சுகம் விசாரிப்பதை இப்போது ஓர் இயந்திரமும் செய்யத் தொடங்கியிருக்கிறது. மனிதர்களை விட நன்றாகவே செய்கிறது என்று சொல்வோரும் இருக்கின்றனர். அப்படியானால் நமது கடமை அந்த அளவுக்குக் குறைந்துவிடுகிறதா? இந்தக் கேள்வியைப் புற்றுநோயாளரை முன்வைத்து யோசிக்க விரும்புகிறேன். ஏனெனில் அந்த நோய் நீண்டது, செலவு கூடியது, பெயரைச் சொல்லவே நாக் கூசுவது. அதனால் ஆறுதல் மிக அதிகமாகத் தேவைப்படுவதும் அந்த நோயில்தான்.

நாம் எழுதும் கேள்விக்கு, அல்லது பேசும் பேச்சுக்கு, மனிதரைப் போலவே விடை சொல்லும் மென்பொருளை 'சாட்பொட்' என்கின்றனர். இக்கட்டுரையில் அதனை உரையாடுபொறி என்கிறேன். இது இன்று நேற்று வந்த எண்ணமன்று. 1966இல் அமெரிக்காவின் மசாச்சூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் பணியாற்றிய ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிஞர் 'எலைசா' என்ற மென்பொருளை அறிமுகப்படுத்தினார். அதன் பிரபல்யமான வடிவம் உளவைத்தியரைப் போல் பேசியது. "எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று எழுதினால், அந்த வார்த்தையையே திருப்பிப் போட்டு, கவலைக்குக் காரணம் என்னவென்று கேட்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. ஆனால் அவர் அதை உருவாக்குவதை மாதக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்த அவரது செயலாளரே, அதனோடு சில வரிகள் பேசியதும், அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னாராம். தனியே பேச வேண்டியிருந்ததாம். இதனை வைசன்பாம் 1976இல் வெளியிட்ட தமது நூலில் எழுதியிருக்கிறார். இந்த அனுபவம் அவரைத் திடுக்கிட வைத்தது. கணினியால் ஒரு காரியத்தைச் செய்ய முடியுமா என்பது ஒரு கேள்வி, அதனிடம் அந்தக் காரியத்தை ஒப்படைக்கலாமா என்பது வேறொரு கேள்வி என்று அவர் தமது எஞ்சிய வாழ்நாள் முழுவதும் வாதாடினார்.

எலைசாவின் பேரப்பிள்ளைகள் இன்று வைத்தியசாலை வாசலுக்கு வந்திருக்கின்றன. பிரான்ஸில் மார்பகப் புற்றுநோயாளருக்கென்றே 'விக்' என்ற உரையாடுபொறி உருவாக்கப்பட்டது. ஓராண்டுக் காலத்தில் 4,737 நோயாளர் அதனோடு பேசிய பேச்சுகளை ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அதே ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வில் 142 நோயாளர் பங்குபற்றினர். அரைவாசிப் பேருக்கு இயந்திரம் விடை கொடுத்தது, மற்ற அரைவாசிப் பேருக்குப் புற்றுநோய் வைத்தியர்கள் விடை எழுதினர். விடை எங்கிருந்து வந்தது என்பது நோயாளருக்குத் தெரியாது. இயந்திரத்தின் விடையில் திருப்தி கண்டோர் 69 சதவீதம், வைத்தியர்களின் விடையில் திருப்தி கண்டோர் 64 சதவீதம். இயந்திரம் வைத்தியருக்குக் குறைந்ததன்று என்பதே அந்த ஆய்வின் முடிவு.

2022 நவம்பரில் 'சட் ஜிபிடி' வந்த பிறகு நிலைமை இன்னும் வேகமாக மாறியது. 2023 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சஞ்சிகையொன்றில் வெளியான ஆய்வைப் பலர் எடுத்துக்காட்டுகின்றனர். பொதுமக்கள் இணையத்தில் கேட்ட 195 பொதுவான மருத்துவக் கேள்விகளுக்கு வைத்தியர்கள் எழுதிய விடைகளையும் இயந்திரம் எழுதிய விடைகளையும் சுகாதாரத் துறையினரிடமே கொடுத்து, எது எவருடையது என்று சொல்லாமல் மதிப்பிடச் செய்தனர். நூற்றுக்கு எழுபத்தெட்டுக்கு மேற்பட்ட மதிப்பீடுகள் இயந்திரத்தின் பக்கமே இருந்தன. பரிவோடு எழுதியதும் இயந்திரமே என்றார்கள். வைத்தியரின் விடை சராசரியாக 52 சொற்கள், இயந்திரத்தின் விடை 211 சொற்கள். வைத்தியருக்கு நேரமில்லை. இயந்திரத்துக்கு நேரம் என்ற ஒன்றே இல்லை.

இவற்றை வாசித்துவிட்டு, "இதெல்லாம் மேல்நாட்டுக் கூத்து, நமக்கென்ன" என்று ஒதுக்கிவிட முடியாது. நமது ஊர்களிலும் வீட்டுக்கொரு கைத்தொலைபேசி வந்துவிட்டது. இயந்திரம் தமிழிலும் பேசுகிறது. எழுதத் தெரியாதவர் வாயால் கேட்டாலும் விளங்கிக்கொள்கிறது. ஆகவே முதலில் இயந்திரத்துக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

எங்கள் நாட்டுப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படுவது மார்பகப் புற்றுநோய். ஒரு கட்டியைக் கண்டதும் நமது பெண்கள் முதலில் செய்வது மறைப்பதுதான். கணவனிடம் சொல்லக் கூச்சம், ஆண் வைத்தியரிடம் காட்டக் கூச்சம், ஊருக்குத் தெரிந்தால் மகளின் கலியாணப் பேச்சு குழம்பிவிடுமோ என்ற பயம். அந்த மௌனத்திலேயே மாதங்கள் போய்விடுகின்றன. வைத்தியசாலைக்குப் போன பிறகும், காலை முதல் வரிசையில் நின்று, வைத்தியரின் முன்னால் இருக்கக் கிடைப்பது சில நிமிடங்கள். மொழி வேறு குறுக்கே நிற்கும். கேட்க நினைத்த பத்துக் கேள்வியில் எட்டு, பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் ஞாபகத்துக்கு வரும். இத்தகைய ஒரு பெண்ணுக்கு, முகம் பார்க்காமல், கோபிக்காமல், ஒரே கேள்வியைப் பத்துத் தரம் கேட்டாலும் சலிக்காமல் பதில் சொல்லும் ஒன்று கிடைப்பது பெரிய உதவி என்பதில் ஐயமில்லை.

என் சாச்சி ஒருவர் இந்த நோய்க்காக எங்கள் ஊரிலிருந்து இரவு பஸ் ஏறி மஹரகமை அபேக்‌ஷா வைத்தியசாலைக்குப் போய் வந்தவர், இப்போதும் பரிசோதனைக்குப் போய் வருகிறவர். மருந்து ஏற்றிய நாட்களில் இரவில் அவருக்குத் தூக்கம் வராது. எல்லோரும் தூங்கிய பிறகு மகளின் தொலைபேசியை எடுத்து அதனோடு பேசுவார். உதிர்ந்த முடி திரும்ப முளைக்குமா, வாய்ப்புண்ணுக்கு எதைச் சாப்பிடலாம், நோன்பு பிடிக்க முடியாமற் போனால் என்ன செய்வது என்றெல்லாம் கேட்பார். முடி பெரும்பாலும் மருந்து முடிந்து சில மாதங்களில் முளைக்கும் என்றது. நோயாளிக்கு மார்க்கம் தந்திருக்கும் சலுகையைச் சொல்லி, ஆலிம் ஒருவரிடமும் வைத்தியரிடமும் கேட்டுக்கொள்ளுமாறு சொன்னது. நாங்கள் சொல்லியிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்போம். இவ்வளவு பொறுமையாகச் சொல்லியிருப்போமா என்பது வேறு விடயம்.

நமது சுகம் விசாரிப்பின் இலட்சணத்தையும் பார்க்க வேண்டும். நோயாளியின் கட்டிலைச் சுற்றி இருந்துகொண்டு, "இதே வருத்தந்தான் இன்னாருக்கும் வந்தது, மூன்று மாதத்தில் மௌத்து" என்று கதைப்போர் எத்தனை பேர்! வைத்தியரின் மருந்தை நிறுத்திவிட்டு ஏதோ ஓர் இலைச் சாற்றைக் குடிக்கச் சொல்வோர் எத்தனை பேர்! என்ன பாவம் செய்தாரோ என்று வாசலில் நின்று முணுமுணுப்போரும் உண்டு. நோயாளியைப் பார்க்கப் போனால் சொற்ப நேரம் இருந்து, நல்ல வார்த்தை சொல்லி, துஆச் செய்துவிட்டு எழும்ப வேண்டும் என்று நமது கிரந்தங்கள் ஒழுங்கு வகுத்திருக்கின்றன. நம்மவர்கள் அந்த வீட்டில் தேநீர் குடித்து, அரசியல் கதைத்து, நோயாளி களைத்துப் போகும்வரை இருக்கிறார்கள். இவற்றோடு ஒப்பிட்டால் இயந்திரத்தின் அதபு மேலானது.

ஆகவே, இயந்திரத்தை மறுப்போர் வழக்கமாகச் சொல்லும் இரண்டு காரணங்கள் எனக்குப் போதுமானவையாகத் தோன்றவில்லை.

முதலாவது காரணம், இயந்திரம் பிழை விடும் என்பது. உண்மைதான். 2023இல் பொஸ்டன் நகர ஆய்வாளர்கள் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றி அதனிடம் 104 கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றிலொரு விடையில் அங்கீகரிக்கப்பட்ட வழிகாட்டலுக்கு ஒவ்வாத ஏதோவொரு சிகிச்சையும் கலந்திருந்தது. அதைவிட ஆபத்து என்னவெனில், சரியானதும் பிழையானதும் ஒரே தொனியில், ஒரே நம்பிக்கையோடு சொல்லப்பட்டிருந்தன. வாசிப்பவருக்குப் பிரித்தறிய வழியில்லை. எனவே மருந்தைத் தொடங்குவது, நிறுத்துவது, மாற்றுவது எதையும் இயந்திரத்தின் பேச்சைக் கேட்டுச் செய்யக் கூடாது. ஆனால் பிழை என்பது திருத்தக் கூடிய ஒன்று. அந்த ஆய்வில் பயன்பட்ட இயந்திரத்தை விடப் பிறகு வந்தவை திறமானவை. இனி வருபவை இன்னும் திறமாக இருக்கும். நாளை பிழையே விடாத இயந்திரம் வந்தால் நமது கேள்வி தீர்ந்துவிடுமா? தீராது. ஆகவே கேள்வியின் வேர் அங்கே இல்லை.

இரண்டாவது காரணம், இயந்திரத்துக்கு உணர்ச்சி இல்லை என்பது. இதுவும் உண்மையே. ஆயினும் இரவு வேலையில் களைத்துப் போன ஒரு தாதி, உள்ளத்தில் எந்த உணர்ச்சியும் பொங்காமலே நோயாளியின் தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போகிறார். அது ஆறுதலாகத்தான் இருக்கிறது. மனம் வராமல், உம்மா அனுப்பியதற்காக மட்டும் மாமியைப் பார்க்கப் போகும் பையனும் சுகம் விசாரித்தவனாகவே கணிக்கப்படுகிறான். உணர்ச்சி இருந்தால் நல்லது. ஆனால் உணர்ச்சிதான் எல்லாம் என்றால் மனிதரிற் பலரும் இந்தப் பரீட்சையில் சித்தியடைய மாட்டார்கள்.

அப்படியாயின் வேறுபாடு எங்கே இருக்கிறது?

2024இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு ஒரு தடயம் தருகிறது. தமது கஷ்டத்தை எழுதியவர்களுக்கு இயந்திரமும் மனிதரும் பதில் எழுதினர். தம்மை ஒருவர் செவிமடுத்தார் என்ற உணர்வை இயந்திரத்தின் பதிலே கூடுதலாகக் கொடுத்தது. ஆனால் "இதை எழுதியது இயந்திரம்" என்று சொல்லப்பட்டதும் அந்த உணர்வு குறைந்துவிட்டது. எழுத்து மாறவில்லை, ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. மாறியது, அதற்குப் பின்னால் ஒருவர் இருக்கிறாரா இல்லையா என்ற அறிவு மட்டுமே. அப்படியானால் ஆறுதலின் ஒரு பகுதி சொல்லில் இருக்கவில்லை, சொல்லியவரில் இருந்திருக்கிறது.

இந்த ஆய்வை அறியாத என் சாச்சி இதே விடயத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். ஒரு நாள் அவரைப் பார்க்கப் போனபோது, தொலைபேசியின் பேச்சு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அது நல்லாத்தான் சொல்லுது மகன். ஆனா நான் மௌத்தாப் போனா அதுக்குத் தெரியாதே" என்றார்.

அவர் சொன்னதைப் பற்றி நெடுநாள் யோசித்திருக்கிறேன். நம்மோடு பேசுகிற ஒருவர், நாம் இல்லாமற்போனால் ஏதோவொன்றை இழக்கப் போகிறார் என்பதே அவரது பேச்சுக்குப் பெறுமதி தருகிறது. ஒருவர் வந்து அருகில் இருந்த அரை மணித்தியாலம், அவர் வேறெங்கும் செலவிட முடியாமற்போன அரை மணித்தியாலம். அவர் தனது ஆயுளில் இருந்து அதை எடுத்துத் தந்திருக்கிறார். அவரும் ஒரு நாள் இதே கட்டிலில் படுக்கப் போகிறவர். இயந்திரமோ ஒரே கணத்தில் இலட்சம் பேரோடு பேசிக்கொண்டிருக்கிறது. அது நமக்குத் தருவதால் அதற்கு எதுவும் குறைவதில்லை. "நான் உங்களோடு இருக்கிறேன்" என்று அது எழுதும்போது அந்த வாக்கியத்தில் 'நான்' என்பதும் இல்லை, 'இருக்கிறேன்' என்பதும் இல்லை. மார்க்கத்தின் பாஷையில் சொன்னால், அதற்கு நிய்யத் இல்லை. செயல்கள் எண்ணங்களைக் கொண்டே கணிக்கப்படுகின்றன என்ற கருத்தோடுதான் புகாரி கிரந்தமே தொடங்குகிறது. துஆவின் வாசகங்களை இயந்திரம் பிழையின்றி எழுதித் தரும். ஆனால் துஆச் செய்யாது.

இதுவரை நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தோம். இந்தக் கேள்வியின் முக்கியமான பாதி மறுபக்கத்தில் இருக்கிறது என்பதே என் எண்ணம்.

முஸ்லிம் கிரந்தத்தில் வருகின்ற ஹதீஸ் குத்ஸி ஒன்றை வாசகர்கள் அறிவார்கள். மறுமை நாளில் அல்லாஹ் மனிதனிடம், தான் நோயுற்றிருந்தபோது ஏன் விசாரிக்க வரவில்லை என்று கேட்பான். அகிலங்களின் இரட்சகனை எப்படி விசாரிப்பது என்று மனிதன் திகைத்து நிற்பான். இன்ன அடியான் நோயுற்றிருந்தது உனக்குத் தெரியும், அவனிடம் போயிருந்தால் என்னை அங்கே கண்டிருப்பாய் என்ற கருத்தில் அதற்கு விடை வரும். இந்த ஹதீஸில் இரண்டு விடயங்களைக் கவனிக்க வேண்டும். கேள்வி கேட்கப்படுவது நோயாளியிடமல்ல, சுகதேகியிடம். கேட்கப்படும் கேள்வியும், "அவனுக்கு ஆறுதல் கிடைத்ததா?" என்பதல்ல, "நீ போனாயா?" என்பதுதான். நோயாளிக்கு வேறு வழியில் பூரண ஆறுதல் கிடைத்திருந்தாலும் இந்தக் கேள்வி அப்படியே நிற்கும். சுகம் விசாரிக்கப் போகிறவர் திரும்பி வரும்வரை சுவனத்துக் கனிகளின் நடுவே இருக்கிறார் என்ற கருத்துள்ள ஹதீஸும் உண்டு. அதாவது, போவதால் பெறுபவர் போகிறவரே. நோயாளியின் கட்டில் அருகில்தான் சுகதேகி தனது மௌத்தைப் பற்றிப் படிக்கிறான். இயந்திரத்தை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்தால் அந்தப் பாடம் நமக்குக் கிடைக்காமற் போகிறது.

நோயாளியைச் சுகம் விசாரிப்பது வலியுறுத்தப்பட்ட சுன்னத் என்று அறிஞர்களிற் பெரும்பாலோரும், பர்ளு கிபாயா என்று சிலரும் கூறியுள்ளனர். பர்ளு கிபாயா என்றால், ஊரில் சிலர் செய்துவிட்டால் மற்றவரின் பொறுப்பு நீங்கும், ஒருவருமே செய்யாவிட்டால் எல்லோரும் குற்றவாளிகள். இப்போது கேள்வி கூர்மையாகிறது. அந்தச் 'சிலர்' என்ற சொல்லுக்குள் இயந்திரம் அடங்குமா?

இதற்கு விடை தேடும்போது நமக்குப் பழக்கமான இன்னொரு விடயம் கைகொடுக்கிறது. ஒலிப்பதிவு செய்த பாங்கைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டால் பாங்கு நிறைவேறுமா என்று கேட்கப்பட்டபோது, நிறைவேறாது என்றே அறிஞர்களிற் பலர் தீர்ப்புச் சொன்னார்கள். பதிவில் இருப்பது மக்காவின் இனிய குரலாக இருக்கலாம். எங்கள் மோதினாரின் குரல் கரகரப்பாக இருக்கலாம். ஆனாலும் நேரம் வந்ததை அறிந்து, வுழூச் செய்து, எழுந்து நின்று, மக்களை அழைக்கிற ஒருவர் வேண்டும். பதிவில் ஓசை இருக்கிறது, அழைப்பவர் இல்லை. அதே நேரம், அந்தப் பதிவைக் கேட்டுத் தூங்கியவன் ஒருவன் விழித்தெழலாம். அவனுக்கு அது பயன்பட்டதுதான். அதை எவரும் மறுப்பதில்லை. தூங்கியவனுக்குப் பயன் கிடைத்தது, ஊரின் கடமையோ இறங்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

உரையாடுபொறியைப் பற்றியும் நான் இதையே சொல்வேன். அதனால் நோயாளிக்குப் பயன் உண்டு. நமக்கு விடுதலை இல்லை.

நேரில் போக முடியாத தூரத்தில் இருப்பவர் தொலைபேசியில் பேசினால் அதுவும் இப்படித்தானா என்று ஒருவர் கேட்கலாம். அல்ல. 2020ஆம் ஆண்டுக் கொரோனாக் காலத்தை நினைத்துப் பாருங்கள். உம்மாவும் வாப்பாவும் எங்கோ ஒரு சிகிச்சை நிலையத்தில், பிள்ளைகள் ஊரில். திரையில் முகத்தைப் பார்த்தே பலர் விடைபெற்றார்கள். ஜனாஸாக்களை எரித்த அந்த மாதங்களில், 2021 பெப்ரவரி இறுதி வரை, மையித்தின் அருகில் நிற்கும் உரிமைக்காக ஒரு சமூகமாக நாம் அழுதோம். அந்தத் திரை அருகிருப்பாகாதுதான். ஆனாலும் அதன் மறுமுனையில் ஒரு பிள்ளை இருந்தது, அந்தப் பிள்ளை அன்றிரவு சாப்பிடவில்லை. ஆகவே வேறுபாடு தூரத்தில் இல்லை, கருவியிலும் இல்லை. மறுமுனையில் ஒருவர் இருக்கிறாரா என்பதில்தான் இருக்கிறது.

வலுவான ஆட்சேபம் ஒன்று எஞ்சியிருக்கிறது. எவருமே இல்லாதவருக்கு என்ன செய்வது? பிள்ளைகள் வெளிநாட்டில், கணவன் மௌத்து, அயலவர் எட்டிப் பார்ப்பதில்லை. அந்த மூதாட்டியிடம் போய், "இயந்திரத்துக்கு நிய்யத் இல்லை, அதனோடு பேசாதே" என்று சொல்வது ஈவிரக்கமற்ற செயலாகும். இங்கே தயம்முமை நினைவுகூரலாம். தண்ணீர் இல்லாதவருக்கு மண் போதும். அவருடைய தொழுகை குறைந்த தொழுகையல்ல. நள்ளிரவு இரண்டு மணிக்கு வலியோடும் பயத்தோடும் விழித்திருக்கும் நோயாளி உரையாடுபொறியிடம் பேசுவது அத்தகைய ஒரு சலுகை. அதை எவரும் பழிக்க வேண்டியதில்லை. ஆனால் தண்ணீர் கிடைத்ததும் தயம்மும் முறிந்துவிடும். அத்தோடு, அந்தச் சலுகை தண்ணீரில்லாதவருக்குரியது, கிணற்றின் சொந்தக்காரருக்குரியதன்று. ஊரின் கிணற்றை மூடிவிட்டு, "எல்லோரும் தயம்மும் செய்யுங்கள், மண் நிறைய இருக்கிறது" என்று அறிவிக்க எந்த நிருவாகத்துக்கும் அதிகாரம் இல்லை.

எனது அச்சம் இதில்தான் இருக்கிறது. தாதியரை நியமிக்கக் காசில்லை, இயந்திரம் இருக்கிறதே என்று ஒரு நாள் மேலிடத்தில் சொல்லப்படலாம். "உம்மாவுக்கு நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன், அது எல்லாம் கதைக்கும்" என்று பிள்ளைகள் சொல்லக்கூடும். இயந்திரம் திறமாகும் அளவுக்கு இந்த ஆசையும் வளரும். பிழை விடுகிற இயந்திரத்தை விடப் பிழை விடாத இயந்திரமே இந்த வகையில் ஆபத்தானது. ஏனெனில் அப்போது நாம் போகாமல் இருப்பதற்குச் சொல்லத்தக்க ஒரு நியாயம் கிடைத்துவிடும்.

இயந்திரம் என்றாலே மனிதரைப் பிரிப்பது என்று நான் கருதவில்லை. 2016ஆம் ஆண்டை மறந்திருக்க மாட்டோம். தன் மகனைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த ஒரு முஸ்லிம் தகப்பனார், மஹரகமை வைத்தியசாலைக்கு 'பெட் ஸ்கேன்' இயந்திரம் வாங்குவதற்காக மக்களிடம் கையேந்தினார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் என்ற பேதமின்றி நாடெங்கிலுமிருந்து மக்கள் கொடுத்தார்கள். அதுவும் ஓர் இயந்திரந்தான். ஆனால் அது மனிதர்களை நோயாளியை நோக்கி நடக்க வைத்தது. ஓர் இயந்திரம் நல்லதா கெட்டதா என்று கேட்பதை விட, அது நம்மை நோயாளியின் பக்கம் நடக்க வைக்கிறதா, அல்லது வீட்டில் இருத்துகிறதா என்று கேட்பது பயனுள்ளது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் உரையாடுபொறிக்கும் நல்ல இடமுண்டு. வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை முதல்நாளே ஒழுங்குபடுத்தித் தரட்டும். சிகிச்சை அறிக்கையில் விளங்காத சொல்லைத் தமிழில் விளக்கட்டும். குளிசை குடிக்கும் நேரத்தை ஞாபகப்படுத்தட்டும். கட்டியை மறைத்து வைத்திருக்கும் பெண்ணுக்கு, நாளைக்கே வைத்தியசாலைக்குப் போ என்று தைரியம் சொல்லட்டும். பார்க்கப் போகும் நமக்குக்கூட, புற்றுநோயாளியிடம் எதைச் சொல்லக் கூடாது என்று கற்றுத்தரட்டும். அது நம்மவர் பலருக்குத் தேவையான பாடம். ஆனால் தான் இயந்திரம் என்பதை அது ஒளிக்கக் கூடாது. தாங்க முடியாத வலியையோ உயிரை வெறுத்த பேச்சையோ கேட்டால் உடனே ஒரு மனிதரிடம் கையளிக்க வேண்டும். நோயாளியின் அந்தரங்கம் அமானிதம். அதைச் சேர்த்து வைத்து விற்பது அமானித மோசடி.

மற்றதெல்லாம் நமது வேலை. ஒவ்வொரு பள்ளிவாசல் மஹல்லாவிலும் ஸகாத் பெறுவோரின் பட்டியல் இருக்கிறது, கத்தம் அழைப்புக்குப் பட்டியல் இருக்கிறது. நோயாளிகளின் பட்டியல் இருக்கிறதா? இந்த வாரம் மஹரகமைக்குப் போகிறவர் யார், அவரோடு பஸ்ஸில் கூடப் போகச் சிங்களம் தெரிந்த ஒருவர் உண்டா, அவர் திரும்பி வரும்வரை பிள்ளைகளுக்குச் சோறு கொடுப்பது யார் என்று ஜும்ஆவுக்குப் பிறகு ஐந்து நிமிடம் பேசினால் போதும். ஆண்களின் வரிசை ஆண்களைப் பார்க்கட்டும், பெண்களின் வரிசை பெண்களைப் பார்க்கட்டும். அயலில் இருக்கும் தமிழ், சிங்கள நோயாளியும் இந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தமக்குப் பணிவிடை செய்த யூதச் சிறுவன் நோயுற்றபோது அவனுடைய வீட்டுக்குச் சென்று பார்த்தார்கள்.

அங்கே போய் என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பார்கள் சிலர். இயந்திரத்தைப் போல் 211 சொற்கள் பேச வேண்டியதில்லை. கட்டில் அருகில் ஒரு கதிரையைப் போட்டு இருந்து, நோயாளியின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒரு துஆவை ஓதிவிட்டு வரலாம். பேச்சு வராவிட்டால் பேசாமலே இருக்கலாம். நாளை மறுமையில் நம்மிடம் கேட்கப்படுவது நாம் எவ்வளவு அழகாகப் பேசினோம் என்பதல்ல.